போர்ட்ஸ்மவுத் திடலுக்குப் பிராஞ்ச் ரிக்கியின் பெயர் தகுமா?

ஆற்றங்கரை:
ஒஹாயோ மாநிலத்தின் தெற்கு எல்லையில், சயோட்டோ ஆறு ஒஹாயோ ஆற்றோடு சேரும் இடத்தில் இருக்கிறது போர்ட்ஸ்மவுத். 1930இல் 42,000 பேருக்கு மேல் வாழ்ந்த ஊரில், ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிய பிறகு, 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 18,000 பேரே மிஞ்சியிருக்கிறார்கள். அங்குள்ள பேஸ்பால் திடலின் பெயர் பிராஞ்ச் ரிக்கி பூங்கா. 1881இல் பக்கத்து மாவட்டத்தின் ஸ்டாக்டேலில் பிறந்து, லூகஸ்வில் அருகே வளர்ந்து, கிராமப் பள்ளியில் பாடம் நடத்திப் பின்பு நாடறிந்த அணி நிர்வாகியானவர் ரிக்கி. புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தலைவராக இருந்தபோது, 1945இல் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரரை ஒப்பந்தம் செய்து, மேஜர் லீக் எனப்படும் தலைமை லீகில் கறுப்பினத்தவரை அறுபது ஆண்டுகளாக விலக்கிவைத்த நிறத்தடையை உடைத்தவர் அவர்தான். திடலுக்கு அவர் பெயரை வைத்தது முற்றிலும் சரி என்பது என் கருத்து. சென்ற வாரம் நண்பர் ஒருவர், "விளையாடியவனுக்கு அல்லவா திடல், கணக்குப் பார்த்தவனுக்கு எதற்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியையே இங்கே வைக்கிறேன்.

மூன்றாம் தளம்:
உங்கள் நண்பரின் பக்கம்தான் நானும் நிற்கிறேன். ரிக்கி மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சராக ஆடிய நாளில், 1907இல் ஒரே ஆட்டத்தில் எதிரணியினர் அவரை மீறி 13 தளங்களைத் திருடினார்கள், அதாவது பந்து அடிக்கப்படாமலே அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்ந்தார்கள். அதை அவருடைய குறையாக நான் சொல்லவில்லை. அன்று அவருக்குத் தோளில் வலி. ஆனால் அவருடைய புகழ் திடலில் விளைந்தது அல்ல, அலுவலகத்தில் விளைந்தது என்பதை ஒப்புக்கொண்டுதான் பேச வேண்டும். அந்த அலுவலகத்தில் நடந்தது என்ன? செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் இருந்தபோது அவர் உருவாக்கிய, இளம் வீரர்களைச் சிறு அணிகளில் வளர்த்துப் பெரிய அணிக்கு எடுக்கும் பண்ணை அணி முறையில், முப்பதுக்கும் மேற்பட்ட சிறு அணிகளும் நூற்றுக்கணக்கான இளைஞர்களும் ஒரே நிர்வாகத்தின் பிடியில் இருந்தார்கள். மேலே ஏறவும் வழியில்லாமல், வேறு அணிக்குப் போகவும் உரிமையில்லாமல், சொற்பச் சம்பளத்தில் அவர்கள் காத்துக் கிடந்தார்கள். 1938இல் பேஸ்பால் ஆணையர் லாண்டிஸ் தலையிட்டு எழுபதுக்கும் மேற்பட்ட கார்டினல்ஸ் இளைஞர்களை விடுவித்தார் என்றால், நிலைமை எந்த அளவுக்குப் போயிருந்தது என்பது விளங்கும். உழைப்பாளிகளின் ஊர் என்று பெருமை கொள்ளும் போர்ட்ஸ்மவுத், இதை மறந்துவிட்டு முதலாளியின் பெயரைத் திடலில் எழுதலாமா?

ஆற்றங்கரை:
பண்ணை முறையில் கொடுமை இருந்தது என்பதை மறுக்கவில்லை. அதன் மறுபக்கத்தையும் பாருங்கள். பணக்கார அணிகள் சிறந்த வீரர்களை விலைக்கு வாங்கிக் குவித்த காலத்தில், கையில் காசில்லாத கார்டினல்ஸ் அணிக்கு இருந்த ஒரே வழி, வீரர்களைத் தானே வளர்த்துக்கொள்வதுதான். 1926, 1931, 1934, 1942 ஆகிய ஆண்டுகளில் அந்த அணி மேஜர் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றதற்கு அதுவே காரணம். அந்த முறையால் போர்ட்ஸ்மவுத் போன்ற சிற்றூர்களுக்கும் தொழில்முறை அணிகள் கிடைத்தன. போர்ட்ஸ்மவுத் ரெட் பேர்ட்ஸ் என்பது கார்டினல்ஸின் பண்ணை அணியே. 1940இல் அந்த அணியின் ஆட்டக்கார மேலாளராக இருந்த வால்டர் ஆல்ஸ்டன், 1955இல் டாட்ஜர்ஸ் அணிக்கு முதல் உலகத் தொடர் வெற்றியைத் தேடித் தந்தார். மாலையில் வேலை முடிந்து வந்த தொழிலாளி அமர்ந்து பார்க்க ஓர் ஆட்டம் இருந்ததும் வரலாறுதான்.

பொதுநூலகன்:
இருவரும் பண்ணை முறையிலேயே நின்றுவிட்டீர்கள். ரிக்கியின் பெயர் நிலைப்பதோ வீழ்வதோ ராபின்சன் விஷயத்தில்தான். அதனால் பணக்கணக்கை அங்கே பார்ப்போம். ராபின்சனுக்கு 3,500 டாலர் முன்தொகை, மாதம் 600 டாலர் சம்பளம். கறுப்பின வீரர்களுக்கென்று தனியே இருந்த நீக்ரோ லீகில் அவர் அதுவரை ஆடிய கன்சாஸ் சிட்டி மொனார்க்ஸ் அணிக்கு ரிக்கி கொடுத்தது ஒன்றுமில்லை. நீக்ரோ லீக் அணிகளிடம் முறையான ஒப்பந்தம் கிடையாது, அது சூதாட்டக்காரர்களின் தொழில் என்பது அவர் சொன்ன காரணம். அதே லீகின் நூவர்க் ஈகிள்ஸ் அணியிலிருந்து டான் நியூகோம்ப் என்ற வீரரை எடுத்தபோதும் அதே கதைதான். ஆனால் 1947இல் கிளீவ்லாந்து அணியின் உரிமையாளர் பில் வீக், அதே ஈகிள்ஸிடமிருந்து லாரி டோபியை எடுத்தபோது 15,000 டாலர் கொடுத்தார். நினைத்திருந்தால் கொடுத்திருக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கறுப்பின மக்கள் தங்கள் கைப்பணத்தில் கட்டி வளர்த்த லீக், சிறந்த வீரர்களை ஈடின்றி இழந்து சில ஆண்டுகளில் சரிந்தது. கதவைத் திறந்துவிட்டவர் என்று ரிக்கியை நாமும் போற்றுவோம். ஆனால் அந்தக் கதவின் வழியே வெளியே எடுத்துச் செல்லப்பட்டது எவருடைய உடைமை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆற்றங்கரை:
இந்தக் குற்றச்சாட்டு நியாயமானது. கொடுத்திருக்க வேண்டும். இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். அன்று பதினாறு மேஜர் லீக் அணிகள் இருந்தன. 1945 ஆகஸ்டில் ராபின்சனை எதிரே உட்கார வைத்து மூன்று மணி நேரம் பேசி, வசைகளை எல்லாம் தானே நடித்துக் காட்டி, "திருப்பி அடிக்காமல் இருக்கும் துணிவு உனக்கு உண்டா?" என்று கேட்டவர் ஒருவர்தான். அந்த எண்ணம் ஒரு நாளில் வந்தது அல்ல. ஒஹாயோ வெஸ்லியன் கல்லூரி அணியின் பயிற்றுநராக அவர் இருந்த இளமைக் காலத்தில், இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்டில், சார்ல்ஸ் தாமஸ் என்ற கறுப்பின மாணவருக்கு விடுதியில் இடம் தர மறுத்தார்கள். தன் அறையிலேயே ஒரு கட்டில் போடச் சொல்லி அவரைத் தங்கவைத்தார் ரிக்கி. தன் தோலின் நிறத்தைத் தேய்த்து அழிக்க முயல்வதுபோல் அந்த மாணவர் கைகளைப் பிசைந்து அழுததை அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பணத்தையும் வெற்றியையும் அவர் கணக்கிட்டார் என்பது உண்மை. மனசாட்சியும் அந்தக் கணக்கில் இருந்தது.

மூன்றாம் தளம்:
மனசாட்சியை நான் மறுக்கவில்லை. ஆனால் 1947 ஏப்ரல் 15 அன்று டாட்ஜர்ஸ் அணிக்காக முதல்முறையாகத் திடலில் இறங்கி வசை கேட்டவரும், கொலை மிரட்டல் கடிதங்களைப் பெற்றவரும் ராபின்சன். துணிவைக் கேட்பது வேறு, துணிவாக வாழ்வது வேறு. ஊர்க்காரர் ஒருவரின் பெயர்தான் வேண்டும் என்றால், அந்த ஏப்ரலுக்கு மூன்று வாரம் கழித்துப் போர்ட்ஸ்மவுத்திலேயே பிறந்த பேஸ்பால் வீரர் லாரி ஹைசில் இருக்கிறாரே! 1977இல் மேஜர் லீகின் ஒரு பிரிவான அமெரிக்கன் லீகில் தன் அடியால் தன் அணிக்கு அதிக ரன்களைச் சேர்த்தவர், 119. டொராண்டோ அணி 1992, 1993 இரண்டு ஆண்டுகளும் உலகத் தொடரை வென்றபோது அதன் மட்டையடிப் பயிற்றுநர். கறுப்பினத்தவர். அந்த ஊரின் தெருக்களில் ஆடி வளர்ந்தவர்.

பொதுநூலகன்:
ஹைசிலின் பெயரை எடுத்ததற்கு நன்றி. நான் தயங்கித் தயங்கி வைத்திருந்த செய்தியை இனிச் சொல்லலாம். அவருக்கு 14 வயதான அதே 1961இல், அதே ஊரில், அதே வயதுள்ள யூஜின் மெக்கின்லி என்ற சிறுவன் மணல் குழித் தண்ணீரில் மூழ்கி இறந்தான். பின்னாளில் டிரீம்லேண்ட் என்று பெயர் பெற்ற ஊரின் பெரிய நீச்சல்குளம் அன்று வெள்ளையருக்கு மட்டுமே உரிய தனியார் கழகமாக இருந்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. ராபின்சன் டாட்ஜர்ஸ் சட்டை அணிந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியும், ரிக்கியின் சொந்த வட்டாரத்தில் நிலைமை இதுதான். ஊரார் பின்பு கட்டிய பொதுக்குளத்துக்கு அச்சிறுவனின் பெயரையே வைத்தார்கள்.

ஆற்றங்கரை:
அந்தக் குளத்தின் பெயர்க்காரணம் எனக்கு இதுவரை தெரியாது. திடலின் பெயரை மாற்ற வேண்டும் என்று இப்போதும் நான் சொல்லமாட்டேன். ரிக்கி அந்த மண்ணின் பிள்ளை. 1965இல் இறந்தபின் ரஷ்டவுன் கல்லறைத் தோட்டத்தில், சயோட்டோ ஆற்றுக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். ஆனால் திடலுக்கு வரும் பிள்ளைகளிடம் அவர் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும் என்றால் மொனார்க்ஸுக்குக் கொடுக்காத பணமும் அதில் வர வேண்டும் என்பதை ஏற்கிறேன்.

மூன்றாம் தளம்:
நான் என் நிலையில்தான் இருக்கிறேன். எழுதினால் ஹைசிலின் பெயரைத்தான் எழுதுவேன். ரிக்கியைப் பற்றிச் சொல்ல அவர் படித்த ஒஹாயோ வெஸ்லியன் கல்லூரியில் அவர் பெயரிலேயே ஒரு விளையாட்டரங்கம் இருக்கிறது.

பொதுநூலகன்:
பெயர் எதுவாகவும் இருக்கட்டும். அடுத்த முறை ஆற்றங்கரை நண்பர் போர்ட்ஸ்மவுத் போனால், திடலுக்குப் போன கையோடு மெக்கின்லி குளத்துக்கும் போய்வாருங்கள்.