பேட்டரி சென்சாருக்கு காக்னிட்டிவ் ரேடியோ: காலி சேனலை யார் தேடுவது?

நண்பர்களே, ரேடியோ பக்கம் வேலை செய்தவர்கள் யாராவது உதவுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் வைஃபை, புளூடூத், ஜிக்பீ எல்லாம் முட்டி மோதுகின்றன. டிவிக்கு ஒதுக்கிய அலைக்கற்றையிலோ பல இடங்களில் சேனல்கள் சும்மா கிடக்கின்றன. அந்தக் காலி இடத்தில் பேசிவிட்டு, உரிமம் பெற்றவர் வந்ததும் விலகிக்கொள்ள வேண்டும்; இதைச் செய்யும் ரேடியோதான் காக்னிட்டிவ் ரேடியோ. 2011-இல் வந்த ஐஇஇஇ 802.22 தரநிலை இதற்குத்தான், ஆனால் அது கிராமப்புற பிராட்பேண்டை மனதில் வைத்தது. எனக்கு வேண்டியது பேட்டரியில் ஓடும் சின்ன சென்சார்களுக்கு.

சிக்கல் இதுதான். சிக்னலின் ஆற்றலை மட்டும் அளந்து பார்ப்பது எளிது, ஆனால் இரைச்சலுக்குள் புதைந்த பலவீனமான சிக்னல் அதில் தப்பிவிடும். சுவருக்குப் பின்னால் இருக்கும் சென்சார், சேனல் காலி என்று நம்பிப் பேசி, பக்கத்து டிவிக்கு இடைஞ்சல் செய்யலாம். பல சென்சார்கள் கேட்டதைச் சேர்த்து கேட்வே (சென்சார்களின் தகவலைத் திரட்டும் மையக் கருவி) முடிவெடுத்தால் இது குறையும். சரி, அந்தத் தகவலை அனுப்பவே பேட்டரி கரையுமே?

கேட்வே மட்டும் இருப்பிடத் தரவுத்தளத்தை (எந்த இடத்தில் எந்த சேனல் காலி என்ற பட்டியல்) கேட்டு, சென்சார்களுக்கு சேனலைச் சொன்னால் போதுமா? அதே டிவி அலைக்கற்றையில் இயங்கும், அந்தத் தரவுத்தளத்தில் பதிவு செய்யாத வயர்லெஸ் மைக்குகளை அப்போது எப்படிக் கண்டுபிடிப்பது? சிக்னலை அளப்பது, தரவுத்தளத்தைக் கேட்பது இரண்டையும் கலந்து செய்து பார்த்தவர்கள், எவ்வளவு இடைவெளியில் சேனலைச் சோதித்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.