மேடைக்கு அருகில் நின்று கேட்டவை: வளர்ந்துவரும் ஒரு மெட்டல் குழுவைப் பற்றிய அனுபவப் பகிர்வு

கனத்த ஒலியுடைய ராக் இசையான மெட்டலை வாசிக்கும், நம்மில் பலர் தொடர்ந்து கேட்டுவரும் அந்த ஐவர் குழு, தனது முதல் முழு ஆல்பத்தை ஒலிப்பதிவு செய்ய ஆயத்தமாகிவிட்டது. ஆல்பம் வெளியான பிறகு குழுவை அறிந்துகொள்பவர்களுக்குப் பாடல்கள் முடிந்த வடிவத்தில்தான் கிடைக்கும். அவை அந்த வடிவத்தை எப்படி அடைந்தன என்பதைச் சிறிய அரங்குகளில் மேடைக்கு அருகே நின்றவர்களே அறிவார்கள். ஆகவே, நேரில் கண்டதையும் கேட்டதையும் இங்கே எழுதி வைப்போம். ‘மிரட்டிவிட்டார்கள்’ என்று பாராட்டி நிறுத்திக்கொள்ளாமல், என்ன நடந்தது என்பதை விரிவாக எழுதுமாறு அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன். நானே தொடங்குகிறேன்.

அவர்களுடைய பாடல்களிலேயே நீளமான ஒன்றை நான் முதலில் கேட்டபோது, அதன் நடுவில் வேகம் சட்டென்று குறைந்து, இரண்டு கிட்டார்களும் ஒரே ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கை) மிக மெதுவாக வாசிக்கும் பகுதி ஒன்று இருந்தது. அந்த இடம் வந்ததும், அதுவரை தலையசைத்துக்கொண்டிருந்தவர்கள் அசைவற்று நின்றார்கள். பின்வரிசையில் பேச்சு எழுந்தது. நிகழ்ச்சி முடிந்து மேடையில் கேபிள்களைச் சுருட்டிக்கொண்டிருந்த பேஸ் கலைஞரிடம் பாராட்டுச் சொல்லப் போனேன். அவர் நன்றி சொன்ன கையோடு, அந்த மெதுவான பகுதியில் எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டார். மெதுவாவதில் குறையில்லை, ஆனால் டிரம்ஸும் உடன் ஓய்ந்துவிடுவதால் காலப்பிரமாணம் பிடிபடாமல் போகிறது என்றேன். அவர் தன் கைப்பேசியில் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு ஒருமுறை கேட்டபோது அதே ரிஃப் அதே மெதுவான வேகத்தில்தான் வந்தது. அதன் அடியில், காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம் மட்டும் பாடலின் முந்தைய வேகத்திலேயே விரைந்து ஓடிக்கொண்டிருந்தது. இம்முறை ஒருவரும் பேசவில்லை. இந்த மாற்றத்துக்கு நான் உரிமை கொண்டாட மாட்டேன். குழுவினர் ஐவரும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் வெவ்வேறு நபர்களிடம் இப்படிக் கேட்கிறார்கள் என்பதைப் பின்னர் அறிந்தேன்.

ஒரு மெட்டல் குழு ஒத்திகை அறையில் பாதிதான் உருவாகிறது, மீதி இத்தகைய சிறிய அரங்குகளில் உருவாகிறது என்பது என் உறுதியான கருத்து. வரலாறும் அப்படித்தான் இருக்கிறது. ஸ்டீவ் ஹாரிஸ் கிழக்கு லண்டனில் அயர்ன் மெய்டன் குழுவைத் தொடங்கியது 1975இல். அவர்களுடைய முதல் ஆல்பம் 1980இல்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் உறுப்பினர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். குழுவைத் தாங்கி நின்றவை உள்ளூர் மதுவிடுதி மேடைகளும் அங்கே திரும்பத் திரும்ப வந்த ரசிகர்களும். 1979இல் அவர்கள் தாங்களாகவே மூன்று பாடல்களை இசைத்தட்டாக வெளியிட்டபோது, அதன் 5,000 பிரதிகளும் அஞ்சல் வழியாகவே விற்றுப்போயின. 1981இல் உருவான மெட்டாலிகா என்ற அமெரிக்க மெட்டல் குழுவின் மறு ஆண்டு டெமோ (மாதிரிப் பதிவு), ரசிகர்கள் ஒலிநாடாவில் படியெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பியதால் பரவியது. நாம் செய்ய வேண்டிய பணியும் அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

* * *

தொடங்கி வைத்த அண்ணனுக்கு நன்றி. இந்தக் குழு வாசித்த பல நிகழ்ச்சிகளில் ஒலிக் கட்டுப்பாட்டு மேசையில் பணியாற்றியவன் என்ற முறையில், பார்வையாளர்களுக்குத் தெரியாத சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். சற்று நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிறிய அரங்கில் மெட்டல் இசையைத் தெளிவாக ஒலிக்கச் செய்வது கடினம் என்பதற்குக் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. அவர்களுடைய வேகமான பாடல், நிமிடத்துக்கு 180 துடிப்புகள் கொண்டது. இரு கால்களாலும் கிக் டிரம்மை அடிக்க உதவும் டபுள் பெடலை ஒரு துடிப்புக்கு நான்கு வீதம் மிதித்தால், ஒரு வினாடியில் 12 கிக் அடிகள் விழுகின்றன. வெறும் சிமெண்ட் சுவர்களுள்ள அறையில் ஓர் ஒலி அடங்க ஒரு வினாடிக்கு மேல் ஆகும் என்றால், அந்தப் பன்னிரண்டு அடிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து வெறும் உறுமலாகிவிடும். கிக் டிரம்மின் அடித்தொனியை ஓரளவு குறைத்து, 3,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு இத்தனை அதிர்வுகள்) வரை உள்ள ‘டக்’ என்ற முனையை உயர்த்தினால்தான் ஒவ்வோர் அடியும் தனியாகக் கேட்கும். இதைச் செய்ய நான் அனுமதி கேட்கும் முன்பே, அவர்களுடைய டிரம்மர் தன் கிக் டிரம்முக்குள் போர்வையைத் திணித்து, எதிரொலியைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தார்.

கிட்டார்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வழக்கமான சுருதியில் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி சுமார் 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். இவர்கள் அதை ‘சி’ என்ற சுரம் வரை இறக்கி வைத்திருப்பதால் சுமார் 65 ஹெர்ட்ஸ் ஆகிறது. அதற்கும் ஓர் எண்சுரம் (ஆக்டேவ்) கீழே வாசிக்கும் பேஸ் 33 ஹெர்ட்ஸுக்கு அருகில் போய்விடுகிறது. சிறிய அரங்குகளின் ஒலிபெருக்கிகள் அந்த ஆழத்தை வலுவாக எழுப்புவதில்லை. அங்கே பேஸ் என்று நம் காதுக்குக் கேட்பது பெரும்பாலும் அதன் மேல்தொனிகள்தான். இதை அறிந்துதான் அந்தப் பேஸ் கலைஞர் விரலை விட்டுவிட்டு, பிக் என்ற சிறு தகட்டால் வாசிக்கிறார்; ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனும் சிறிதளவு சேர்த்துக்கொள்கிறார். அதனால் மேல்தொனிகள் பெருகி, இரண்டு கிட்டார்களுக்கு நடுவிலும் அவர் வாசிப்பது துலங்குகிறது.

தாழ்ந்த சுருதி கனமான ஒலிக்காகவே கண்டுபிடிக்கப்பட்டது என்று நினைக்கும் இளைஞர்களுக்காக ஒரு செய்தி. பிளாக் சபாத் என்ற மெட்டல் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி 17 வயதில், பர்மிங்காமில் உலோகத் தகடு ஆலை ஒன்றில் வேலை செய்தபோது வலக்கையின் நடு விரல்கள் இரண்டின் நுனிகளை இழந்தார். அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர் ஆகையால், தந்திகளை அழுத்த வேண்டிய கை அதுதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுறைகள் செய்துகொண்டு, மெல்லிய தந்திகளைக் கட்டி வாசித்த அவர், 1971 அளவில் சுருதியையும் மூன்று அரைச்சுரங்கள் இறக்கினார். தந்தியின் இறுக்கம் குறைந்ததால் விரலுக்கு வலி குறைந்தது, ஒலியும் கனத்தது. ஒரு தொழிலாளியின் காயத்திலிருந்து பிறந்த ஒலி இது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இசையின் மீது மதிப்பு கூடுகிறது.

இளம் குழுக்களிடம் நான் படும் பெரிய சிரமம், மேடையில் கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பின் ஒலியளவைக் குறைக்கச் சொல்வதுதான். 100 வாட் ஆம்ப்புக்குப் பதிலாக 50 வாட் ஆம்ப் வைத்தால் உச்ச ஒலியளவில் குறைவது வெறும் 3 டெசிபெல்தான் என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். இந்தக் குழுவின் இரண்டு கிட்டார் கலைஞர்களும் ஒத்திகை அறையில் நடுத்தொனியை அறவே குறைத்து, ஒலியைக் கரகரப்பாக்கும் கெய்னைக் கூட்டி வைத்திருந்தவர்கள். தனியே கேட்கும்போது அது கம்பீரமாக இருக்கும். டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போய்விடும். சவுண்ட் செக்கின்போது அவர்களில் ஒருவரை வாசிக்க வைத்து, மற்றவரை அரங்கின் பின்சுவர் வரை அழைத்துச் சென்று கேட்கச் செய்தேன். அவர் ஒன்றும் பேசாமல் மேடைக்குத் திரும்பி, நடுத்தொனியைக் கூட்டி, கெய்னைக் குறைத்தார். அன்றிரவு உள்ளங்கையால் தந்தியை அடக்கி வாசிக்கும் ரிஃப்கள் ஒவ்வொன்றும் கத்தியால் வெட்டியதுபோல் விழுந்தன. அனுபவம் மிக்க குழுக்களிடமும் நான் அரிதாகக் காணும் பணிவு அது.

* * *

தம்பிமார் இருவரும் எழுதியதைப் படித்தேன். எனக்கு இசை நுணுக்கம் தெரியாது. என் மகள் இந்தக் குழுவைத் தவறாமல் கேட்பவள். அவளுக்குத் துணையாக நானும் ஒரு நிகழ்ச்சிக்குப் போனேன். ஓர் அம்மாவாக நான் கண்டதைச் சொல்கிறேன்.

வாசலிலேயே பாடல் வரிகளை அச்சிட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். பாடகரின் உறுமும் குரலில் சொற்கள் எனக்குப் பிடிபடவில்லை என்றாலும், தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டபோது, அவர் வற்றிப்போன ஓர் ஆற்றையும் அதன் கரையை விட்டுப் போனவர்களையும் பற்றிப் பாடுகிறார் என்று விளங்கியது. அந்தத் துயரத்துக்கு அந்தக் குரல் பொருத்தமாகவே இருந்தது. பிறகு மேடைக்கு முன்னால் இளைஞர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதத் தொடங்கியதும் என் மகளை இறுகப் பிடித்துக்கொண்டேன். சற்று நேரத்தில் ஒரு பையன் கால் இடறி விழுந்தான். சுற்றியிருந்தவர்கள் உடனே கைகளை விரித்து இடம் விட்டார்கள்; இருவர் அவனைத் தூக்கி நிறுத்தினார்கள்; இன்னொருவர் அவனுடைய மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, உரியவருக்குத் தெரியும்படி தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தார். அவன் அணிந்துகொண்ட பிறகுதான் மறுபடி மோதல் தொடங்கியது. முன்பின் அறியாதவர்களுக்குள் இப்படி ஓர் ஒழுங்கு இருக்கும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

எனக்கு இரண்டு ஐயங்கள் உண்டு. எல்லோரும் சுட்டுவிரலையும் சுண்டுவிரலையும் உயர்த்திக் காட்டும் சைகைக்குப் பின்னால் ஏதேனும் தவறான நோக்கம் உண்டா? மேலும், அவ்வளவு ஒலி பிள்ளைகளின் செவியைப் பாதிக்காதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

* * *

அம்மா, உங்கள் முதல் கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். அந்தச் சைகையை மெட்டல் மேடைகளில் பரவலாக்கியவர் பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோ. இத்தாலிய வம்சாவளியைச் சேர்ந்த தன் பாட்டி, கண்ணேறு படாமலிருக்கக் காட்டும் சைகை அது என்று அவரே விளக்கியிருக்கிறார். ஆகவே நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை.

ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்வதாக நீங்கள் கண்ட அந்தக் கூட்டத்தை (அதற்கு மாஷ் பிட் என்று பெயர்) ஆய்வு செய்தவர்களும் இருக்கிறார்கள். கார்னெல் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், அங்கே மோதிக்கொள்பவர்களின் வேகங்கள் வாயுவின் மூலக்கூறுகளுடைய வேகங்களைப் போலவே பரவியிருப்பதாகக் கண்டறிந்தார்கள். வட்டமாக ஓடும் கூட்டங்கள் பெரும்பாலும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழல்கின்றன என்றும் குறிப்பிட்டார்கள். விழுந்தவரைத் தூக்கும் வழக்கத்தை எந்தச் சமன்பாட்டிலும் எழுத முடியாது. அதை மூத்த ரசிகர்களைப் பார்த்துத்தான் இளையவர்கள் கற்கிறார்கள்.

நான் வேறொரு குழுவின் டிரம்மர். இந்த ஐவருக்கு முன்னதாக நாங்கள் வாசித்த ஒரு மாலையில், என் ஸ்னேர் என்ற சிறு டிரம்மின் தோல் முதல் பாடலிலேயே கிழிந்துவிட்டது. பெரிய டிரம்களைப் பொதுவில் வைத்துக்கொண்டாலும், ஸ்னேர், சிம்பல், பெடல் மூன்றையும் அவரவர் கொண்டுவருவதே எங்கள் துறையின் வழக்கம், கேட்பதற்கே தயங்குவோம். நான் கேட்கும் முன்பே அவர்களுடைய டிரம்மர் தன் ஸ்னேரைக் கொண்டுவந்து என் தாங்கியில் வைத்துவிட்டுப் போனார். பக்கத்து அறையில் அவர்களுடைய பாடகர் தாழ்ந்த குரலில் நெடுநேரம் பயிற்சி செய்துகொண்டிருந்தார். அந்த உறுமல் தொண்டையைக் கிழித்து எழுப்பும் ஒலி என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் போலிக் குரல்நாண்களை அதிரச் செய்து, மூச்சைக் கட்டுப்படுத்தி எழுப்பும் ஒலி அது. முறையாகப் பழகாதவர்களுக்குச் சில பாடல்களிலேயே குரல் கட்டிவிடும்.

ஒரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரே மாலையில் நான்கு குழுக்கள் வாசிக்கும்போது, தங்கள் நண்பர்களின் குழு முடிந்ததும் வெளியேறிவிடும் பழக்கம் நம் வட்டத்தில் வேரூன்றிவிட்டது. சில குழுக்களே தங்கள் முறை முடிந்ததும் கருவிகளை ஏற்றிக்கொண்டு போய்விடுகின்றன. கடைசிக் குழு, தனக்குத் தெரிந்த முகங்களுக்கு மட்டுமே வாசிக்கிறது. அண்ணன் எழுதியது சரிதான். ஆனால் ரசிகர்கள் கருத்துச் சொல்வதால் பாடல் வளர வேண்டும் என்றால், முதலில் அவர்கள் நின்று கேட்டாக வேண்டும். இந்த ஐவரும் முதலில் வாசித்த நாள்களிலும் கடைசிக் குழு முடிக்கும்வரை முன்வரிசையில் நின்றதை நான் மேடையிலிருந்தே பார்த்திருக்கிறேன். டி-ஷர்ட் விற்கும் மேசையைக்கூட மற்றக் குழுக்கள் வாசிக்கும்போது மூடிவைத்துவிடுகிறார்கள். சிறிய குழுக்களுக்குக் கையில் சேரும் பணத்தில் பெரும்பகுதி அந்த மேசையிலிருந்துதான் வருகிறது என்பதால், அது எளிய செயலன்று.

* * *

அம்மாவின் இரண்டாவது கேள்வி, ஒலிமேசைக்காரனாகிய என்னைச் சேர்ந்தது. பாதிப்பு உண்டு, தடுக்கவும் முடியும். பணியிடங்களுக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் ஒரு பரிந்துரைப்படி, 85 டெசிபெல் ஒலியை எட்டு மணி நேரம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபெல்லுக்குப் பதினைந்து நிமிடங்கள்தான். உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசை அரங்குகளுக்கு வெளியிட்ட தரநிலையும், சராசரி ஒலியளவு 100 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்கிறது. நான் அளவியை மேசையிலேயே வைத்துக்கொண்டு அதற்குள் நிறுத்த முயல்கிறேன். டிரம்ஸுக்கு நேர் எதிரே நிற்பவர்களுக்கு அது போதாது.

ஆகவே மகளுக்குக் காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள். சாதாரண நுரை அடைப்பான் செவியைக் காக்கும் என்றாலும், உயர்தொனிகளை அதிகமாகத் தடுப்பதால் இசை மங்கிக் கேட்கும். இசைக்கென்றே செய்யப்பட்டவை எல்லாத் தொனிகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைப்பதால், பாடலும் கெடாது. ஒலிபெருக்கிகளின் முன்னால் நிற்காமல், ஒலிமேசைக்கு அருகில் வந்து நில்லுங்கள். அரங்கில் ஒலி மிகச் சமநிலையாகக் கேட்கும் இடங்களில் அது ஒன்று. அடுத்த நிகழ்ச்சியில் அந்த நீளமான பாடலைப் புதிய முடிவுடன் வாசித்துப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தம்பி எழுதியதை மனத்தில் கொண்டு, முதல் குழு மேடையேறும் நேரத்துக்கே வந்துவிடுங்கள். வாசலில் பாடல் வரிகள் அச்சிட்ட தாள் தீர்ந்துபோனால், என் மேசையில் சில பிரதிகள் எடுத்து வைத்திருப்பேன்.