உபுண்டு 24.04-ல் ஓடுவது 22.04-ல் ஓடவில்லை, ஏன்?

கேள்வி:
கடைகளுக்கான பில்லிங் மென்பொருள், சி++ மொழியில் எழுதியது. என் உபுண்டு (லினக்ஸ்) 24.04-ல் ஆப்இமேஜ், அதாவது நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்பு நிரல், ஜம்மென்று ஓடுகிறது. வாடிக்கையாளரின் 22.04-ல் திறந்தால் ஜிலிப்சி (glibc, லினக்ஸ் நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை சி நூலகம்) 2.38 இல்லை என்கிறது. விண்டோஸில் வேறு தலைவலி: ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் மேல் புதுப் பதிப்பை எழுத விடமாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

பதில்:
ஆப்இமேஜுக்குள் ஜிலிப்சியை வழக்கமாக வைப்பதில்லை. 22.04-ல் இருப்பது 2.35, உங்களிடம் 2.39. பழையதில் கட்டியது (பில்ட் செய்தது) புதியதில் ஓடும், மறுபக்கம் உத்தரவாதம் இல்லை. ஆதரிக்கப்போகும் ஆகப் பழைய உபுண்டுவை டாக்கரில் (தனிச் சூழலில் நிரல்களை ஓட்டும் கருவி) ஏற்றி, அதற்குள்ளேயே கட்டுங்கள்.

பதில்:
விண்டோஸில் ஓடும் இஎக்ஸ்இ கோப்பை அழிக்க முடியாது, ஆனால் பெயர் மாற்றலாம்! புதியதை அதே டிரைவில் இறக்கி, கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகு பழையதற்கு வேறு பெயர் கொடுத்து, புதியதை அந்த இடத்தில் வையுங்கள். அடுத்த முறை திறக்கும்போது பழையதை நீக்கலாம். புதியது திறக்காவிட்டால் திரும்பிப் போகவும் அந்தப் பழைய கோப்புதான் கைகொடுக்கும். அப்புறம், பில் போடும் நேரத்தில் அப்டேட் கேட்காதீர்கள், கடைக்காரர் திட்டுவார்.

கேள்வி கேட்டவர்:
பெயர் மாற்றும் வழி வேலை செய்கிறது, நன்றி. மேக்?

பதில்:
மேகோஸ் கேட்டலினாவிலிருந்து ஆப்பிளின் நோட்டரி சோதனை (செயலியை ஆப்பிளுக்கு அனுப்பி, தீம்பொருள் இல்லை என்று உறுதிசெய்வது) இல்லாமல், மேக்கின் காவலாளியான கேட்கீப்பர் தடுத்துவிடும். பழைய வழிகாட்டிகளில் வரும் ஆல்ட்டூல் கருவி வழியாக நோட்டரிக்கு அனுப்புவது 2023-ல் நின்றுவிட்டது, நோட்டரிட்டூல்தான் இப்போது. சோதனையில் தேறினால் கிடைக்கும் சீட்டை செயலியோடு ஸ்டேபிள் செய்து (இணைத்து) விடுங்கள், நெட் இல்லாத கடையிலும் திறக்கும். அப்டேட்டுக்கு ஸ்பார்க்கிள் என்ற மேக் நூலகம் போதும்.