வணிக மேல் நீதிமன்றம் திருகோணமலைக்கும் வேண்டுமா?

நிலாவெளி வியாபாரி:
கொழும்பு மொத்த வியாபாரியோடு பணத் தகராறு வந்து, தொகை வர்த்தமானியில் குறித்த எல்லையைத் தாண்டினால், வழக்கு வணிக மேல் நீதிமன்றத்துக்குப் போகிறது. அது இருப்பது கொழும்பில். ஒவ்வொரு தவணைக்கும் கடையைப் பூட்டிவிட்டு 250 கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும். 1996ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டப்படி, அமைச்சர் வர்த்தமானியில் திகதி குறித்தால் எந்த மாகாண மேல் நீதிமன்றமும் இந்த வழக்குகளைக் கேட்கலாம். மேல் மாகாணத்துக்குக் குறித்தார்கள், கொழும்பில் இந்த நீதிமன்றம் வந்தது அப்படித்தான். கிழக்குக்கு ஏன் இல்லை?

சட்டத்தரணி, கொழும்பு 12:
அண்ணன், எல்லா வழக்கும் இங்கே வருவதில்லை. பிரதிவாதி மேல் மாகாணத்தில் வசிக்க வேண்டும். இல்லாவிட்டால் வழக்குக்கான காரணம் அங்கே எழுந்திருக்க வேண்டும், அல்லது ஒப்பந்தம் அங்கே செய்யப்பட்டிருக்க வேண்டும். இரண்டு திருகோணமலைக்காரர் ஊரிலேயே கையெழுத்திட்டு, ஊரிலேயே சரக்கு கைமாறியிருந்தால், எத்தனை கோடியானாலும் உங்கள் மாவட்ட நீதிமன்றம்தான்.

வங்கிக் கடன், காப்புறுதி, ஏற்றுமதி இறக்குமதி என்று நாள்தோறும் இதையே கேட்கிற நீதிபதிக்கு வரும் பழக்கம், கொலை வழக்கையும் சேர்த்துக் கேட்பவருக்கு வராது. ஒன்பது மாகாணத்துக்கும் பிரித்தால் அந்தப் பலன் போய்விடும். இங்கிருந்து மேன்முறையீடு நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போகிறது. மாவட்ட நீதிமன்ற வழக்குக்கு இடையில் இன்னொரு படி உண்டு.

நிலாவெளி வியாபாரி:
தம்பி, ஒப்பந்தத்தை அச்சடிப்பதே கொழும்புக் கம்பனிதானே! கையெழுத்தும் அங்கேதான் வாங்குவார்கள். எங்கள் கணக்குப்பிள்ளை இங்கே சாட்சி சொன்னால் தமிழிலேயே பதிவாகும். அங்கே மொழிபெயர்ப்பாளர் வேண்டும். கப்பல் வழக்கும் இப்படித்தான். திருகோணமலைத் துறைமுகத்தில் நிற்கும் கப்பலைத் தடுக்கவும் கொழும்பு மேல் நீதிமன்றத்தில்தான் மனுப் போட வேண்டும்.

உப்புவெளி வாசகி:
கொழும்பு நீதிபதியே குறித்த நாட்களில் இங்கே வந்து சாட்சியம் எடுத்தால் என்ன? அனுபவமும் குறையாது, சாட்சிகளும் அலைய வேண்டாம்.

சட்டத்தரணி, கொழும்பு 12:
அவர் அங்கே வருகிற நாட்களில் கொழும்பு வழக்குகள் தள்ளிப்போகும். ஏற்கெனவே தாமதம்தான். கூடுதல் நீதிபதிகளை நியமித்த பிறகு கேளுங்கள், நானும் ஆதரிக்கிறேன்.

நிலாவெளி வியாபாரி:
நியமிக்கட்டும். அதுவரை சாட்சியத்தையாவது திருகோணமலை நீதிமன்றக் கட்டடத்திலிருந்து காணொளியில் எடுக்கட்டும். வர்த்தக சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை எழுத்தில் வைக்கப்போகிறேன்.