அசல் சான்றிதழைத் தர மறுக்கும் கல்லூரி: அடுத்து எங்கே போவது?

கோவைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. தங்கை ஜூலையில் மேனேஜ்மெண்ட் கோட்டாவில் பி.இ. சேர்ந்தாள், இப்போது கலந்தாய்வில் கால்நடை மருத்துவம் கிடைத்துவிட்டது, அங்கே டி.சி.யும் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டும் அசலாகக் கேட்கிறார்கள். இவர்களோ நான்கு வருடக் கட்டணத்தையும் கட்டினால்தான் தருவோம் என்கிறார்கள். வகுப்பே இன்னும் தொடங்கவில்லை!

கல்லூரி முதல்வரை நேரில் பார்த்தாயிற்று, "டிரஸ்ட்டில் பேசுங்கள்" என்றார். டிரஸ்ட் ஆபீஸில் போனை எடுப்பதே இல்லை. பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி ஒப்புகை அட்டையும் வந்துவிட்டது, பதில் இல்லை. தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ.யின் தளத்திலும் தமிழக அரசின் 1100 உதவி எண்ணிலும் புகார் கொடுத்தோம், 'பரிசீலனையில் உள்ளது' என்பதோடு நிற்கிறது. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018-லேயே அறிவித்ததன் நகலைக் காட்டினால், அதெல்லாம் எங்களுக்குப் பொருந்தாது என்று சிரிக்கிறார்கள். அரசின் ஆன்லைன் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் மார்க் ஷீட் எடுத்துவிடலாம், சரி, டி.சி.க்கு என்ன செய்வது?

புதிய கல்லூரியில் சேர வெள்ளிக்கிழமை கடைசி நாள். இதே சிக்கலில் சான்றிதழை மீட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: அண்ணா பல்கலைக்கழகம், தொழில்நுட்பக் கல்வி இயக்ககம், வக்கீல் நோட்டீஸ், இதில் எது சீக்கிரம் வேலை செய்தது?