திரானாவின் "17 நெந்தோரி" கழகம் எப்போது கலைக்கப்பட்டது?

கேள்வி: பழைய ஏடு

ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்தின் பழைய ஆட்ட முடிவுகளை ஆண்டுவாரியாகத் தொகுத்து வருகிறேன். 1970–71 பருவத்தின் முதல் சுற்றில், அந்தப் பருவத்தின் கோப்பையையே வென்ற நெதர்லாந்தின் அயாக்ஸ் அணியைத் தன் ஊரில் 2–2 என்று நிறுத்திய ஓர் அல்பேனிய அணியின் பெயர் "17 நெந்தோரி" என்று பதிவாகியிருக்கிறது. 1989க்குப் பிறகு அந்தப் பெயர் எந்த ஐரோப்பியப் போட்டியிலும் இல்லை. இன்றைய அல்பேனிய லீக்கிலும் இல்லை. அதனால் மறைந்துபோன கழகங்களின் பட்டியலில் அதைச் சேர்த்துவிட்டேன். 1950களின் உள்நாட்டு அட்டவணைகளில் வரும் "பூனா திரானா" என்ற அணியும் அதே பட்டியலில் இருக்கிறது. இவ்விரண்டும் எப்போது, எக்காரணத்தால் கலைக்கப்பட்டன? ஒரு கழகத்தின் பெயர் எண்ணில் தொடங்குவதற்கு என்ன பொருள்?

பதில்: வடகரை வாசகன்

இரண்டையுமே அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். நீங்கள் இரண்டு கழகங்களாகக் கருதுபவை உண்மையில் ஒன்றே. அது இன்றும் கே.எஃப். திரானா என்ற பெயரில் ஆடிக்கொண்டிருக்கிறது.

1920 ஆகஸ்டில் "அகிமி", அதாவது "விடியல்", என்ற பெயரில் தொடங்கிய சங்கம் 1927இல் எஸ்.கே. திரானா ஆயிற்று. அல்பேனியாவின் முதல் தேசிய வாகையர் போட்டி 1930இல் நடந்தபோது, இறுதி ஆட்டத்துக்குக் கோர்ச்சா நகரத்தின் ஸ்கெந்தர்பெயு அணி வராததால் பட்டம் திரானாவுக்குக் கிடைத்தது. 1931, 1932, 1934, 1936, 1937 ஆகிய ஆண்டுகளிலும் அதே அணிதான் வாகை சூடியது. இடையில் 1933ஆம் ஆண்டின் பட்டம் ஸ்கெந்தர்பெயுவுக்குச் சென்றது.

போருக்குப் பின் வந்த கம்யூனிஸ்ட் ஆட்சி, பழைய பெயர்கள் பலவற்றை மாற்றியது. "நெந்தோர்" என்பது அல்பேனிய மொழியில் நவம்பர் மாதம். 1944 நவம்பர் 17 அன்று தலைநகர் திரானா ஜெர்மானியப் படைகளிடமிருந்து விடுவிக்கப்பட்டது. அந்த நாளையே 1947இல் கழகத்துக்குப் பெயராக வைத்தார்கள். அடுத்து, சோவியத் முறையைப் பின்பற்றி விளையாட்டுச் சங்கங்கள் தொழிற்சங்க அமைப்புக்குள் கொண்டுவரப்பட்டபோது, "உழைப்பு" எனப் பொருள்படும் "பூனா" என்ற சொல்லை ஊர்ப்பெயருக்கு முன்னால் ஒட்டினார்கள். இதனால் கோர்ச்சா அணி பூனா கோர்ச்சா என்றும், ஷ்கோதர் நகரத்தின் வ்லாஸ்னியா அணி பூனா ஷ்கோதர் என்றும் சில ஆண்டுகள் அழைக்கப்பட்டன. 1958இல் 17 நெந்தோரி என்ற பெயர் திரும்பி வந்து, ஆட்சி சரியும் காலமான 1991 வரை நீடித்தது. பின்னர் பழைய எஸ்.கே. திரானா பெயரே மீண்டது.

பதில்: நடுவர் விசில்

மேலே சொல்லப்பட்டதை ஏற்கிறேன். ஆனால் "ஒரே கழகம்தான், பெயர் மட்டும் மாறியது" என்று கடந்துபோனால் வரலாற்றின் பாதி விடுபட்டுவிடும். 1937இல் ஆறாவது பட்டத்தை வென்ற இந்தக் கழகம் அடுத்த பட்டத்துக்காக 1965 வரை காத்திருந்தது. 1947 முதல் 1964 வரை தேசியப் பட்டத்தை வென்றவை இரண்டே அணிகள்: ஒன்று ராணுவத்தின் பார்ட்டிசானி, மற்றொன்று உள்துறை அமைச்சகத்தின் தினாமோ. படையும் காவலும் தமக்கென அணிகளை வைத்துக்கொண்டு நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களைத் தம் பக்கம் இழுத்துக்கொண்ட காலத்தில், தலைநகரின் மூத்த கழகம் வேலையாட்களின் அணியாக ஓர் ஓரத்தில் நின்றது. பின்னாளில் பார்ட்டிசானியின் பெரும் நட்சத்திரமான பனாயோத் பானோ தொடங்கியதும் 17 நெந்தோரியில்தான் என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

அந்த ஆதிக்கத்தை உடைத்தது, மிஸ்லிம் அல்லா பயிற்றுவித்த 1960களின் அணி. 1965, 1966 என்று அடுத்தடுத்து வென்று, 1967இலும் முன்னணியில் இருந்த வேளையில், பார்ட்டிசானியுடனான ஆட்டத்தில் எழுந்த கலவரத்தைக் காரணங்காட்டி இரு அணிகளையும் அந்தப் பருவத்திலிருந்தே நீக்கினார்கள். பட்டம் தினாமோவுக்குப் போயிற்று. திரானா ரசிகர்கள் இன்றுவரை ஆறாமல் பேசும் விவகாரம் இது. என் பார்வையிலும் அவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அப்படி வென்ற தினாமோ அடுத்த ஐரோப்பியக் கோப்பையில் மேற்கு ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் அணியை எதிர்கொள்ளாமலேயே விலகிக்கொண்டது. 17 நெந்தோரியோ 1968இலும் 1969–70 பருவத்திலும் மீண்டும் வாகை சூடியது. அயாக்ஸை எதிர்த்து ஆடியது இந்த அணிதான்.

கேள்வி கேட்டவர்: பழைய ஏடு

மிக்க நன்றி. பட்டியலைத் திருத்திவிட்டேன். இன்னும் ஒரு குழப்பம் இருக்கிறது. 1982–83 ஐரோப்பியக் கோப்பையில் 17 நெந்தோரி முதல் சுற்றைத் தாண்டியதாக இருக்கிறது. ஆனால் இரண்டாம் சுற்றில் அதன் ஆட்டங்களுக்குக் கோல் கணக்கே இல்லை. என் பதிவில் ஏதேனும் விடுபட்டிருக்கிறதா?

பதில்: வடகரை வாசகன்

விடுபடவில்லை, ஆட்டமே நடக்கவில்லை. முதல் சுற்றில் பெல்ஃபாஸ்ட் நகரின் லின்ஃபீல்டிடம் 2–1 என்று தோற்று, திரானாவில் 1–0 என்று வென்று, மொத்தக் கணக்கு 2–2 என்று சமமானதால் வெளியூரில் அடித்த கோலின் பலத்தில் முன்னேறினார்கள். அடுத்து வாய்த்த எதிரி டைனமோ கீவ். கீவ் அப்போது சோவியத் ஒன்றியத்தில் இருந்தது. அந்நாட்டுடனான அல்பேனியாவின் தூதரக உறவு 1961இலேயே முறிந்துவிட்டது. அணி விலகிக்கொள்ள, கீவ் ஆடாமலேயே அடுத்த சுற்றுக்குச் சென்றது. அதனால் உங்கள் அட்டவணையில் அந்த இடத்தில் "விலகல்" என்று குறிப்பதே சரி.

மற்றப் பருவங்களையும் ஒப்பிட்டுச் சரிபார்க்க வசதியாகச் சொல்கிறேன். 1965இல் கில்மார்னாக் அணியுடன் திரானாவில் கோலின்றிச் சமன் செய்து, ஸ்காட்லாந்தில் 1–0 என்று தோற்றார்கள். 1986–87 கோப்பை வாகையர் கோப்பையில் (உள்நாட்டுக் கோப்பைகளை வென்ற அணிகளுக்கான ஐரோப்பியத் தொடர்) புக்கரெஸ்டின் தினாமோவை இரு ஆட்டங்களிலும் வென்றார்கள். அந்தப் பெயரில் ஆடிய கடைசி ஐரோப்பியத் தொடர் 1989இல் அமைந்தது. மால்டாவின் ஸ்லீமா அணியிடம் முதலில் 1–0 என்று தோற்றபின், திரானாவில் 5–0 என்று நொறுக்கினார்கள். பிறகு பயர்ன் மியூனிக்கிடம் 3–1, 3–0 என இரு ஆட்டங்களிலும் வீழ்ந்தார்கள்.

பதில்: நடுவர் விசில்

ஒரு சிறு சேர்க்கை. 1991இல் பெயர் மாறிய அதே நேரத்தில், திரானாவின் தினாமோ அரங்குக்கும் செல்மான் ஸ்தெர்மாசி என்று பெயர் சூட்டினார்கள். போருக்கு முந்தைய எஸ்.கே. திரானாவில் ஆட்டக்காரராகவும், பின்பு அதன் பயிற்சியாளராகவும் தலைவராகவும் இருந்தவர் அவர். தொகுப்பில் அரங்குகளின் பெயரையும் பதிகிறீர்கள் என்றால், அங்கேயும் ஒரே இடத்தை இரண்டாக எண்ணிவிடாதீர்கள்.