கியூபா ஏவுகணை நெருக்கடி: போரைத் தடுத்தது அச்சம் மட்டும்தானா?

கேள்வி:
கியூபாவில் சோவியத் அணு ஏவுகணைகள் நிறுவப்பட்டதை அடுத்து, 1962 அக்டோபரில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அணு ஆயுதப் போரின் விளிம்பு வரை சென்று திரும்பியதற்கு, இருவருமே அழிந்துபோவோம் என்ற அச்சமே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அச்சம் மனிதனைப் பின்வாங்கவும் செய்யும், முந்திக்கொண்டு அடிக்கவும் தூண்டும். அந்த 13 நாட்களில் அது ஏன் நிதானத்தின் பக்கம் சாய்ந்தது?

பதில் 1:
அச்சம் இரு தலைவர்களையும் யோசிக்க வைத்தது. ஆனால் வெளியேறும் வழியை அது காட்டவில்லை. கியூபாவின் மீது படையெடுக்கமாட்டோம் என்ற உறுதிமொழி அமெரிக்காவிடமிருந்து கிடைத்தால் ஏவுகணைகளை அகற்றலாம் என்ற போக்கில் அக்டோபர் 26 அன்று கடிதம் எழுதிய சோவியத் தலைவர் குருசேவ், மறுநாள் துருக்கியிலிருந்த அமெரிக்காவின் ஜூபிடர் ஏவுகணைகளையும் அகற்ற வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார். இனி முதல் நிபந்தனைக்கு அவர் இறங்கி வரமாட்டார் என்று அமெரிக்க ஜனாதிபதி கென்னடி கருதினார். மாஸ்கோவில் அமெரிக்கத் தூதராக இருந்து குருசேவுடன் நேரில் பழகியிருந்த லெவெலின் தாம்சன், ஜனாதிபதியின் முன்னிலையிலேயே அதை மறுத்தார். கியூபாவைத் தாம் காப்பாற்றியதாகவும் படையெடுப்பைத் தடுத்துவிட்டதாகவும் சொல்லிக்கொள்ள முடிந்தால் குருசேவுக்கு அது போதும் என்பது அவருடைய கணிப்பு. ஏவுகணைகளை எண்ண உளவு விமானம் உதவியது. எதிராளியின் மானம் எதில் இருக்கிறது என்று சொல்ல, அவரை அறிந்த ஒருவர்தான் வேண்டியிருந்தது.

பதில் 2:
தாம்சனின் பங்கை ஏற்கிறேன். ஆனால் அதே 27ஆம் தேதி கடலுக்கடியில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கப் போர்க்கப்பல்கள் எச்சரிக்கைக் குண்டுகளை வீசியபோது, மாஸ்கோவுடன் தொடர்பற்று, கொடும் வெப்பத்தில் தவித்துக்கொண்டிருந்த பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கிக் கப்பலின் தலைவர் சவீத்ஸ்கி, போர் தொடங்கிவிட்டது என்றே எண்ணி அணு டார்பிடோவைத் தயார்செய்யச் சொன்னதாகவும், உடனிருந்த மூத்த அதிகாரி வசீலி அர்கீபவ் அவரை அமைதிப்படுத்தியதாகவும் அக்கப்பலில் இருந்தவர் ஒருவர் பின்னாளில் விவரித்தார். அச்சுறுத்தித் தடுக்கும் கொள்கை, நிதானமாகக் கணக்கிடும் தலைவர்களை நம்பி வகுக்கப்பட்டது. களைத்துப்போன மாலுமிகளை அது கணக்கிலேயே எடுக்கவில்லை.

கேள்வி கேட்டவர்:
இரு பதில்களுக்கும் நன்றி. என்னை மிகவும் வருத்துவது இதன் பின்விளைவு. அந்த 27ஆம் தேதி இரவே ஜனாதிபதியின் தம்பி ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் தோப்ரினினைச் சந்தித்து, ஜூபிடர் ஏவுகணைகள் சில மாதங்களில் அகற்றப்படும், ஆனால் அதை வெளியில் சொல்லக்கூடாது என்றார். 1963 ஏப்ரலில் அவை அகற்றவும்பட்டன. விட்டுக்கொடுத்தது மறைக்கப்பட்டதால், அசையாமல் நின்றதாலேயே வென்றோம் என்ற நம்பிக்கை அமெரிக்க அரசியலில் வேரூன்றியது. அடுத்தடுத்து வந்த தலைவர்கள் பலர் அந்த அரைகுறைப் பாடத்தை வைத்துக்கொண்டே முடிவெடுத்தார்கள்.